தூண்டில் ஒழிப்பா, தூண்டில் களையெடுப்பா?

> மலையோடைகளில் வெளியிலிருந்து வந்த டிரவுட் மீன்களைப் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களை வைத்துக் குறைப்பதற்கு ‘தூண்டில்வழி வந்தேறிமீன் ஒழிப்பு’ எனலாமா?

வணக்கம். ‘தூண்டில்’ சரி. ‘வந்தேறி’, ‘ஒழிப்பு’ இரண்டும் எனக்கு ஒப்பவில்லை.

ராக்கி மலை ஓடைகளில் இருக்கும் புரூக் டிரவுட் தானாக ஏறி வந்ததல்ல. அது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மீன். தூண்டில் போடுவதற்கென்றே மனிதர்கள் மேற்கே கொண்டுபோய் விட்டார்கள். கிழக்கிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மலைகளில் அதே மீன்தான் மண்ணின் மீன். அங்கே மேற்கிலிருந்து கொண்டுவந்த ரெயின்போ டிரவுட் அதைப் பல ஓடைகளில் மேலே மேலே தள்ளிவிட்டது. ஓடைக்கு ஓடை மாறும் இந்த நிலைக்கு ‘அயல் டிரவுட்’ போதும். மனிதரை ஏசப் பயன்படும் ‘வந்தேறி’யை மீனியலுக்குள் கொண்டுவர வேண்டாம்.

‘ஒழிப்பு’தான் பெரிய சிக்கல். ஒழிப்பதென்றால் ரோட்டினோன் போன்ற மீன்கொல்லி நஞ்சை நீரில் கலந்து, மீண்டும் ஏறிவராமல் தடுப்பும் கட்டுவார்கள். தூண்டிலால் அது ஆகாது. புரூக் டிரவுட் சிறு உருவிலேயே இனப்பெருக்கத்துக்கு வந்துவிடும். பெரிய மீன்களை எடுத்தால் மிச்சமிருக்கும் குஞ்சுகளுக்கு இடமும் இரையும் கூடும், எண்ணிக்கை திரும்ப ஏறும்.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் குவிர்க் ஓடையில் 1998 முதல் இதைச் செய்து பார்த்தார்கள். மீன்களை அடையாளம் காணும் தேர்வில் தேறியவர்கள்தான் புரூக் டிரவுட்டை எடுக்க முடிந்தது. அந்த ஓடையின் மண்ணின் மீன்களான கட்த்ரோட் டிரவுட்டோ புல் டிரவுட்டோ சிக்கினால் விட்டுவிட வேண்டியிருந்தது. புல் டிரவுட்டின் முதுகுத் துடுப்பில் கறுப்பு இருக்காது. புரூக்கின் துடுப்பில் இருக்கும். இது தெரியாமல் இறங்கினால் காக்க வேண்டிய மீனையே கொன்றுவிடுவோம். அதைவிடக் கவலை தருவது, புரூக்கைவிட எளிதாகத் தூண்டிலில் மாட்டுவது கட்த்ரோட்தான் என்பது. திரும்பத் திரும்ப மாட்டி, விடுவித்த பிறகும் சில சாகும். புரூக்கைப் போதுமான அளவு எடுக்காமல் வெறுமனே தூண்டில்காரர்களைக் கூட்டினால் பலன் அயல் மீனுக்கே போய்ச் சேரலாம்.

இத்தனையையும் தாங்கும் சொல்லாக எனக்குத் தோன்றுவது ‘தூண்டில் களையெடுப்பு’. களை எது, பயிர் எது என்று தெரிந்திருக்க வேண்டும். பயிரை மிதிக்கக் கூடாது. மறுபடி முளைக்கும், மறுபடி இறங்க வேண்டும்.

> களை என்றால் செடிதானே?

கட்சிகளில் களையெடுப்பு என்று நாளிதழ்கள் எழுதுகின்றனவே. யாருக்கும் அது குழப்பமாகப் படவில்லை.

கூட்டுச்சொல்லுக்கும் இது வளைந்து கொடுக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஸ்னேக் ஆற்றின் தென்கிளையில், அங்கே அயல் மீனான ரெயின்போ டிரவுட்டுகள் சிலவற்றின் மூக்கில் நுண்ணிய கம்பித் துணுக்கைப் பதித்து விடுகிறார்கள். பிடித்த மீனின் தலையை ஒப்படைத்து, அதில் துணுக்கு இருந்தால் 50 முதல் 1000 டாலர் வரை கிடைக்கும். அதை ‘பரிசுக் களையெடுப்பு’ எனலாம்.

‘ஒழிப்பு’ முற்றாக நீக்குவதற்கு மட்டும் இருக்கட்டும். அப்புறம், தூண்டிலில் மாட்டி விடுவித்த மீன் பிறகு சாவதற்கும் ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு ‘விடுவித்தபின் இறப்பு’ என்று எழுதுகிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.