பழைய சொகுசு கார்: அணையாத எச்சரிக்கை விளக்கும் ஊகத்தில் மாற்றப்பட்ட பாகங்களும்

சென்னை, அம்பத்தூரிலிருந்து:

என்னிடம் இருப்பது ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் பெரிய டீசல் செடான். முதலில் தில்லியில் பதிவானது. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் பிறப்பித்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்த பிறகு, அந்த வயதை நெருங்கும் வண்டிகள் அங்கே மலிவாக விலைபோய், தடையில்லாச் சான்றுடன் தெற்கே வந்து சேர்ந்தது இங்கு பழைய கார் தேடுவோர் பலருக்கும் தெரிந்த செய்திதான். என் காரும் அப்படித்தான் வந்தது. பெங்களூர் சாலையில் அது போகும் அமைதியையும், நால்வர் அமர்ந்து சென்றாலும் அலுப்புத் தெரியாத அதன் இருக்கைகளையும் இன்றைக்கும் நான் குறை சொல்லமாட்டேன். என் மனத்தாங்கல் முழுவதும் பழுது பார்த்த முறையைப் பற்றியது.

இரவு நிறுத்திவைத்த கார் காலையில் முன்பக்கம் இடப்புறமாகத் தாழ்ந்து நிற்கும். இன்ஜினை இயக்கிச் சிறிது நேரம் விட்டால் மெல்ல உயர்ந்து சரியாகிவிடும். பிறகு நாள் முழுவதும் ஒரு தொந்தரவும் இருக்காது. முதலில் பார்த்த ஒர்க்‌ஷாப், ஏர் சஸ்பென்ஷனுக்கு (இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த பைகள் காரைத் தாங்கும் அமைப்பு) காற்று ஏற்றும் கம்ப்ரஸர் பழுது என்று கூறிப் புதிய கம்ப்ரஸரைப் பொருத்தியது. சில மாதங்களில் அதுவும் கருகியது. அடுத்த ஒர்க்‌ஷாப், காரின் உயரத்தை அளக்கும் சென்ஸரைக் காரணம் காட்டி அதை மாற்றியது, தாழ்வது நிற்கவில்லை. மூன்றாவதாகப் பார்த்த மெக்கானிக் வயதில் மூத்தவர். அவர் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்பே ஒரு குவளையில் சோப்பு நீரைக் கரைத்து, முன்சக்கரத்தின் மேலிருந்த ரப்பர் பெல்லோஸின் (அந்தக் காற்றுப் பையின்) மடிப்பில் தெளித்தார். நுரை குமிழிட்டது. ரப்பர் மூப்படைந்து மடிப்பில் வெடித்திருந்தது. அந்த வெடிப்பின் வழியே கசிந்த காற்றை ஈடுகட்டுவதற்காக, விட்டுவிட்டு ஓட வேண்டிய கம்ப்ரஸர் இடைவிடாது ஓடிச் சூடேறி எரிந்திருக்கிறது. கசிவை அடைக்காமல் எத்தனை கம்ப்ரஸர் மாற்றினாலும் அத்தனையும் எரியும் என்று அவர் சொன்னபோது, எனக்கு வந்த கோபத்தைவிட வருத்தமே மிகுதியாக இருந்தது. சில நிமிடச் சோதனையை யாரேனும் முதலிலேயே செய்திருந்தால் ஒரு கம்ப்ரஸரின் விலையும் ஒரு சென்ஸரின் விலையும் மிஞ்சியிருக்கும்.

பணத்தைவிட என்னை உறுத்துவது வேறொன்று. எங்கள் வீட்டில் அந்தக் காரை நம்பி யாரும் புறப்படுவதில்லை. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல வேண்டிய நாள்களில், வாசலில் கார் நிற்கும்போதே வாடகைக் காரைத்தான் அழைக்கிறோம். பழுது நீங்கிவிட்டது என்று நான் எவ்வளவு எடுத்துச்சொன்னாலும் அவர் ஏற மறுக்கிறார், அதற்காக அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இங்குள்ளோரிடம் ஒரு வேண்டுகோள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ‘பிழைக் குறியீட்டை அழித்துவிட்டோம், ஓட்டிப் பாருங்கள்’ என்று திருப்பி அனுப்ப விடாதீர்கள். எந்தப் பகுதியில் பழுது என்று சுட்டும் அந்தக் குறியீட்டுடன், அது பதிவான நொடியில் வண்டி என்ன வேகத்தில் இருந்தது, இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது என்பன போன்ற விவரங்களையும் காரின் கணினி பல வேளைகளில் சேர்த்தே பதிந்துவைக்கும். குறியீட்டை அழித்தால் அவையும் போய்விடும். அடுத்துப் பார்ப்பவர் மறுபடியும் ஊகத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து:

மேலே எழுதியிருப்பவரின் அலைச்சல் எனக்கு நன்றாகப் புரிகிறது, ஏனென்றால் என் காரிலும் பாகங்கள் ஒவ்வொன்றாக மாறின, பழுது மட்டும் மாறவில்லை. இரண்டு நாள் ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரி முற்றிலும் இறங்கிவிடும். புதிய பேட்டரி பொருத்தினார்கள். இத்தகைய கார்கள் பலவற்றில், பேட்டரியை மாற்றியதும் அந்தத் தகவலைக் காரின் கணினியில் பதிவுசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரியின் வயதைக் கணக்கிட்டே அது மின்னேற்றும். அதைக்கூட நான் கேட்டபிறகுதான் செய்தார்கள். அதன் பின்னும் நிலைமை மாறாததால் கார் ஓடும்போது பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டும் என்றார்கள்.

நான் சம்மதிக்காமல் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் காரைப் பூட்டி, எல்லாக் கருவிகளும் உறங்கும்வரை காத்திருந்து, ஒவ்வொரு ஃபியூஸாக மின்னோட்டம் செல்கிறதா என்று அளந்தார். ஒரு கட்டுப்பாட்டுக் கருவி மட்டும் உறங்காமல் இரவெல்லாம் மின்சாரம் இழுத்துக்கொண்டிருந்தது. அது இருந்த இடம் பக்கத்து இருக்கையின் காலடி. கார்பெட்டைத் தூக்கியபோது அடியிலிருந்த பஞ்சு முழுவதும் நனைந்து, கனெக்டரின் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. தண்ணீர் வந்த வழியோ கூரையில் இருந்தது. சன்ரூஃபின் ஓரத்தில் விழும் மழைநீரை வெளியேற்றுவதற்கு, முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களுக்குள் மெல்லிய குழாய்கள் இறங்குகின்றன. வேப்பமரத்தடியில் நிறுத்திவந்ததால் சருகும் தூசியும் அந்தக் குழாயை அடைத்து, ஐப்பசி மழை முழுவதும் உள்ளே இறங்கியிருக்கிறது. மேலே கார்பெட் காய்ந்தே இருந்ததால் எவருக்கும் ஐயம் எழவில்லை.

காப்பீட்டில் ஏதாவது கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்த்தேன். விபத்தும் வெள்ளமும் அதில் அடங்கும். தேய்மானமும் இயந்திர, மின் பழுதுகளும் வழக்கமான பாலிசியில் அடங்கா என்று அதன் விதிகளிலேயே இருக்கிறது. வண்டியின் வயது காரணமாக, மேலதிகப் பாதுகாப்பு எதையும் அந்த நிறுவனம் எனக்கு விற்க முன்வரவில்லை. சன்ரூஃப் உள்ள கார் வைத்திருப்பவர்கள் புரட்டாசிக்குள் அந்தக் குழாய்களைச் சுத்தம் செய்துவிடுங்கள். சன்ரூஃபைத் திறந்து, ஓரத்துப் பள்ளத்தில் கொஞ்சம் நீர் ஊற்றி, அது சக்கரத்தருகே தரையில் ஒழுகுகிறதா என்று பார்த்தாலே போதும்.

மதுரையிலிருந்து:

நான் வாங்குவதற்குமுன் பார்த்த ஒரு காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்கேனரை மாட்டினோம், பிழைக் குறியீடு ஒன்றுகூட இல்லை. இத்தனை வயதான காரில் இவ்வளவு துப்புரவு ஏன் என்று உடன் வந்த மெக்கானிக், காரின் கணினி தானே நடத்தும் சுயசோதனைகள் முடிந்த நிலையில் உள்ளனவா என்று பார்த்தார். பல சோதனைகள் முடியாமல் இருந்தன. குறியீடுகளை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அந்தச் சோதனைகள் புதிதாகத் தொடங்கும். சில நாள் ஓட்டினால்தான் நிறைவேறும். ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் காட்டுங்கள், மீண்டும் ஸ்கேன் செய்துகொள்கிறோம் என்று கேட்டோம். விற்பவர் இணங்கவில்லை; நாங்கள் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிட்டோம்.

பின்னர் வேறொரு கார் வாங்கினேன். அது இப்போது கியர்பாக்ஸ் எச்சரிக்கையுடன் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்கிறார்கள். என்ன சோதனை செய்தார்கள், என்ன அளவு கிடைத்தது, எதனால் அந்தப் பாகம் என்று முடிவுசெய்தார்கள் என்பதை ஜாப் கார்டில் (வேலைச் சீட்டில்) எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். தந்த பிறகே ஆர்டருக்கு ஒப்புதல் கொடுப்பேன். இதே எச்சரிக்கையைச் சந்தித்தவர்கள் யாரேனும் இருந்தால், கியர்பாக்ஸைக் கழற்றுவதற்குமுன் எந்தெந்த இணைப்புகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று தெரிவியுங்கள்.