காசிமேடு நடையில் வாட்ச் தூரத்தை விழுங்குகிறது, கோடு தண்ணீர் மேல் போகிறது

தண்டையார்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக இந்த வாட்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எனக்கு 47 வயது. போன வருடக் கடைசியில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. மாத்திரையோடு சேர்த்து வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து விடிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, எண்ணூர் விரைவுச்சாலையைப் பிடித்து, கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதை ஒட்டியே காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வரை போய், உள்ளே ஏலம் போடும் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே வழியில் திரும்புவேன். மழை நாள் தவிர விட்டதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு வரை இந்த வழி ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே காட்டும். இப்போது அதே வழி, அதே நேரம், ஆனால் 3.2, 3.4 என்று நின்றுவிடுகிறது. ஒரு நாள் 2.9. ஆப்பில் வரைபடத்தைத் திறந்தால் நான் நடந்த சாலையை விட்டுவிட்டு, துறைமுகத்தில் படகுகள் நிற்கும் தண்ணீருக்கு மேலேயே ஒரு கோடு போகிறது.

இன்னொன்று, இதுதான் வீட்டில் எல்லோரையும் பயமுறுத்துகிறது. திரும்பி வரும்போது கடைசிப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடுவேன். அப்போது இதயத்துடிப்பு 160, 165 என்று காட்டுகிறது. எனக்கு மூச்சு வாங்குவதே இல்லை, கூட வருகிறவரிடம் பேசிக்கொண்டேதான் ஓடுகிறேன். வீட்டில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இனி ஓடவே கூடாது என்கிறார்கள்.

வாட்ச் மூவாயிரம் ரூபாய்க்குள் வாங்கியது, சிம் போடும் வசதி இல்லை. போன் ஆண்ட்ராய்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் போனில் ஒரு பெரிய அப்டேட் வந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கும்போது இந்தக் கணக்கைத்தான் காட்டப் போகிறேன். தப்பான எண்ணைக் கொண்டுபோய் நீட்ட மனசு வரவில்லை.

ராயபுரம் 13:

அண்ணா, எனக்கும் இப்படி ஆனது. வாட்சை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு, ஆப்பையும் அழித்து மறுபடி போட்டேன், சரியாகிவிட்டது. அரை மணி நேர வேலை, செய்து பாருங்கள்.

மிண்ட் பக்கம் சர்வீஸ்:

ரீசெட் இப்போது வேண்டாம் அண்ணா, அது கடைசி வழியாக இருக்கட்டும். வாட்சிலிருந்து போனுக்கு இன்னும் ஏறாத பதிவுகள் இருந்தால் ரீசெட்டில் போய்விடும், நீங்களோ டாக்டருக்குக் காட்டச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். நான் வண்ணாரப்பேட்டையில் போன் சர்வீஸ் பார்க்கிறவன். பெரிய அப்டேட் ஒன்று வந்தால் அந்த வாரம் முழுக்க இதே புகாரோடு ஆட்கள் வருவார்கள்.

முதலில் அந்தக் கோட்டை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது. கோடு கோணல்மாணலாக, சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவித் தாவிப் போயிருந்தால் சிக்னல் கோளாறு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ பாலத்துக்கு அடியில் நடக்கிறவர்களுக்கு அப்படித்தான் விழும். செயற்கைக்கோள் 20,000 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கிருந்து வரும் மெல்லிய சிக்னல் பாலத்திலும் கட்டடத்திலும் மோதி எதிரொலி மாதிரி சற்றுத் தாமதமாக வந்தால், போன் உங்களை வேறு இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஆனால் அப்படித் தாவினால் தூரம் பெரும்பாலும் கூடத்தான் செய்யும். உங்களுக்குக் குறைகிறது. அதுவும் துறைமுகம் பக்கம் வானம் திறந்து கிடக்கிற இடம்.

ஸ்கேல் வைத்துக் கிழித்தது மாதிரி ஒரே நேர்கோடு என்றால் விஷயம் வேறு. நடுவில் கொஞ்ச நேரம் ஆப் தூங்கிவிட்டது என்று அர்த்தம். தூங்குவதற்கு முன் எடுத்த கடைசிப் புள்ளியையும் விழித்த பிறகு எடுத்த முதல் புள்ளியையும் நேராகச் சேர்த்துவிடும். நீங்கள் சுற்றிப் போன வளைவெல்லாம் கணக்கில் வராது.

இந்த விலையில் வரும் வாட்ச் பெரும்பாலானவற்றில் சொந்த ஜிபிஎஸ் கிடையாது. பெட்டியில் கனெக்டட் ஜிபிஎஸ் என்று போட்டிருக்கும். அப்படியென்றால் இடத்தைக் கண்டுபிடிப்பது உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போன்தான், வாட்ச் அதை வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவே. அதனால் வாட்சை நோண்டிப் பிரயோசனமில்லை.

இரண்டு கேள்வி. அந்த நேர்கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? முடியும் இடத்தில் நீங்கள் போனை வெளியே எடுப்பீர்களா?

தண்டையார்பேட்டைக்காரன்:

தம்பி, பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி கேட்கிறீர்கள். நேர்கோடுதான். வீட்டிலிருந்து கிளம்பிப் பத்து நிமிடம் போல சரியாக இருக்கிறது, அப்புறம் கோடு. முடிகிற இடம் துறைமுகத்துக்குள் நான் டீ குடிக்கும் கடை. அங்கேதான் காசு கொடுக்க போனை எடுத்து ஸ்கேன் செய்வேன். இத்தனை நாள் வரைபடத்தைப் பார்த்திருக்கிறேன், இது கண்ணில் படவே இல்லை. திரும்பி வரும் வழியிலும் இன்னொரு நேர்கோடு இருக்கிறது, வீட்டு வாசலில் ஆப்பைத் திறந்து நிறுத்தும் இடத்தில் முடிகிறது.

மிண்ட் பக்கம் சர்வீஸ்:

அப்படியானால் சந்தேகமே இல்லை. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போன் அந்த ஆப்பை மூடுகிறது. திரை அணைந்து கொஞ்ச நேரம் ஆனதும் மூடும், நீங்கள் போனை எடுத்ததும் ஆப் மறுபடி எழும். அப்டேட் வரும்போது சில போன்களில் நாம் முன்பு மாற்றி வைத்ததெல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது.

போனில் செட்டிங்ஸ் போய், ஆப்ஸ் என்பதில் வாட்சின் ஆப்பைத் திறங்கள். பேட்டரி என்று ஒரு வரி இருக்கும், அதில் அன்ரெஸ்ட்ரிக்டட் வையுங்கள். சில போன்களில் நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் என்று எழுதியிருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக ஒரு பொத்தான் இருந்தால் அதையும் போடுங்கள். அப்புறம் பர்மிஷன்ஸ் உள்ளே லொகேஷன். அங்கே ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும் என்று இருந்தால் எப்போதும் என்று மாற்றுங்கள். அதே பக்கத்தில் கீழே துல்லியமான இடம் என்று ஒரு பொத்தான் இருக்கும். ஆண்ட்ராய்டு 12 முதல் வந்தது. அது அணைந்திருந்தால் போன் தோராயமான இடத்தைத்தான் ஆப்புக்குக் கொடுக்கும், நடைக் கணக்குக்கு அது உதவவே உதவாது.

போனில் பேட்டரி சேவர் மொத்தமாகப் போட்டிருந்தால் காலையில் அந்த ஒரு மணி நேரம் அதை அணைத்து வையுங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு ஒருமுறை போனை அணைத்து மறுபடி போட்டுவிட்டு நடங்கள். டீக்கடையில் போனை எடுக்காமல் சில்லறையாகக் கொடுத்துப் பாருங்கள், அப்போதும் கோடு சாலையிலேயே இருந்தால் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதயத்துடிப்பு எனக்குத் தெரியாத விஷயம், தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

காலடிப்பேட்டை பி.டி. டீச்சர்:

தம்பி, அந்த 165 பற்றி நான் சொல்கிறேன். இருபது வருடமாகப் பிள்ளைகளை ஓடவைக்கிறேன், நானும் ஓடுகிறேன், எனக்கும் இது நடந்திருக்கிறது.

வாட்சுக்கு அடியில் பச்சை விளக்கு மினுக்குகிறதே, அந்த ஒளியை ரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கு அடியில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பு சொல்கிறது. பட்டை தளர்வாக இருந்தால் ஓடும்போது வாட்ச் ஒவ்வொரு எட்டுக்கும் கையில் குதிக்கும். அந்தக் குதிப்பிலும் ஒளி கூடிக் குறையும். வாட்ச் ஏமாந்து, இதயத்தை விட்டுவிட்டு உங்கள் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். மெதுவோட்டத்தில் நிமிடத்துக்கு 160 காலடி சர்வ சாதாரணம்.

நீங்கள் ஓடிய அந்தப் பதினைந்து நிமிடத்தை ஆப்பில் திறந்து, கேடன்ஸ் என்று இருக்கும் காலடி வேகத்தையும் இதயத்துடிப்பையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணை ஒட்டிப் போனால், நீங்கள் ஓட ஆரம்பித்த நொடியிலேயே துடிப்பு சட்டென்று தாவியிருந்தால், அது காலடிக் கணக்குதான். நிஜமான துடிப்பு அப்படித் தாவாது, கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

அப்புறம் கையால் எண்ணிப் பார்த்துவிடுங்கள், அதைவிட நம்பிக்கையானது இல்லை. ஓட்டத்தை நிறுத்திய உடனே இரண்டு விரலைக் கழுத்தோரம் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். 220-இல் வயதைக் கழித்தால் உங்களுக்கு உச்சத்துடிப்பு 173 வரும். அது தோராயக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு முன்னே பின்னே இருக்கும். ஆனால் 165-இல் ஓடுகிற 47 வயதுக்காரர் சாதாரணமாகப் பேசிக்கொண்டே ஓட முடியாது. நீங்கள் பேசிக்கொண்டு ஓடுகிறேன் என்று சொன்னதுமே எனக்குச் சந்தேகம் வாட்ச் மேல்தான் வந்தது.

வாட்சை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே ஏற்றி, ஓடும்போது மட்டும் ஒரு துளை இறுக்கிக் கட்டுங்கள். அடிப்பக்கத்தைத் தினமும் துடையுங்கள், வியர்வை உப்பு படிந்துவிடும்.

ஒன்று மட்டும் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். வாட்ச் என்ன காட்டினாலும், நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், வழக்கமில்லாத களைப்பு வந்தால் அங்கேயே நின்றுவிட்டு டாக்டரிடம் போகவேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி தெளிவாகத் தெரியாமலே போவதுண்டு. உங்கள் டாக்டர் நடக்கச் சொன்னார், நீங்கள் ஓடவும் ஆரம்பித்திருக்கிறீர்கள். அதை அவரிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லாவிட்டால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் இப்போதே சொல்லுங்கள். செருப்போடு ஓடாதீர்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

வியாசர்பாடி வீட்டுக்காரி:

இதே இழையில் கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்குக் காலடிக் கணக்கே வரமாட்டேன் என்கிறது. தண்ணீர் லாரி வரும் நாளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி எட்டுத் தடவை ஏறி இறங்குகிறேன், வாட்ச் அதில் பாதியைக்கூடக் காட்டவில்லை. பத்தாயிரத்தைத் தொட்டதே இல்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு அந்த எண்ணைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

மிண்ட் பக்கம் சர்வீஸ்:

அக்கா, வாட்ச் கையின் அசைவை வைத்துத்தான் காலடி எண்ணுகிறது. குடத்தைப் பிடித்த கை ஆடாது, அதனால் எண்ணாது. தள்ளுவண்டி தள்ளுகிறவர்களுக்கும் இதே கதைதான். குடத்தை ஒரு கையால் பிடிப்பவர் என்றால் வாட்சை இன்னொரு கையில் கட்டிப் பாருங்கள். இல்லையென்றால் போனைப் பாக்கெட்டிலோ இடுப்பிலோ வைத்துக்கொண்டு அதன் காலடிக் கணக்கை எடுங்கள், இடுப்பு எப்போதும் அசையும்.

காலடிப்பேட்டை பி.டி. டீச்சர்:

அம்மா, அந்தப் பத்தாயிரத்துக்காக வருத்தப்படாதீர்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த வருடம் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி அளவிக்கு மான்போகேய் என்று பேர் வைத்தார்கள், பத்தாயிரம் காலடி அளவி என்று பொருள். அந்த எண் அங்கிருந்து பரவியது. நிறைகுடத்தோடு மூன்று மாடி ஏறுவது சமதரையில் நடப்பதைவிட எவ்வளவோ கடினமான வேலை. வாட்சில் அது ஏறாவிட்டாலும் உங்கள் உடம்பில் ஏறத்தான் செய்கிறது.

தண்டையார்பேட்டைக்காரன்:

ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தம்பி சொன்ன இடத்தில் பேட்டரி ஆப்டிமைஸ்டு என்றுதான் இருந்தது. லொகேஷனும் பயன்படுத்தும்போது மட்டும் என்று மாறியிருந்தது, நான் அதைத் தொட்டதே இல்லை. இரண்டையும் மாற்றி, போனை அணைத்து மறுபடி போட்டு, மறுநாள் டீக்கு சில்லறை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 5.2. கோடு சாலையோடு சாலையாக வந்து, துறைமுகத்துக்குள் நான் சுற்றிய சுற்று அப்படியே விழுந்திருக்கிறது. அதற்கப்புறம் ஆறு நாளும் 5.1-க்குக் கீழே போகவில்லை.

டீச்சர், நீங்கள் சொன்னபடி பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். காலடி 162, துடிப்பு 163, பதினைந்து நிமிடமும் இரண்டும் கைகோத்துக்கொண்டே போகின்றன. வாட்சை மேலே ஏற்றி இறுக்கிக் கட்டி ஓடியபோது 138 காட்டியது, நின்று கழுத்தில் எண்ணினேன், 15 நொடிக்கு 34. அதாவது 136. என் மனைவியையும் பக்கத்தில் நிற்கவைத்து எண்ணச் சொன்னேன், அவளுக்கும் அதே கணக்கு வந்தபிறகுதான் வீட்டில் நிம்மதி. ஒரு நாள் மட்டும் மறுபடி 160-க்குத் தாவியது, பட்டை வியர்வையில் நழுவி எலும்பு மேல் இறங்கியிருந்தது.

ஓடுகிற விஷயத்தை டாக்டரிடம் சொல்லவில்லை என்பது உண்மை. நேற்று போய்ச் சொல்லிவிட்டேன். ஈசிஜி எடுத்துப் பார்த்தார், இந்த வேகத்தில் ஓடலாம் என்றார், ஷூ வாங்கச் சொன்னார். விட்டுப்போன மூன்று வாரக் கணக்கைப் பற்றியும் கேட்டேன். எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும், கிலோமீட்டர் எதற்கு என்றார். நிமிடக் கணக்கு அந்த மூன்று வாரமும் சரியாகவே இருக்கிறது, வாரத்துக்கு 300-க்கு மேல்.

மிண்ட் பக்கம் சர்வீஸ்:

சந்தோஷம் அண்ணா. அந்த இரண்டு செட்டிங்கையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அடுத்த அப்டேட் வந்த அன்றே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

தண்டையார்பேட்டைக்காரன்:

எடுத்துவிட்டேன் தம்பி. கூட வருகிறவர் போனிலும் நேற்று டீக்கடையில் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன், அவருக்கும் அதே நேர்கோடுதான் இருந்தது.