‘தோட்டத்துச் சாளை’ குடும்பக் குழு: அம்மாயிக்கு ஒரு தாள்

வியாழன்

[காலை 6:40] பொள்ளாச்சி மாமா: திங்கக்கிழமை ராகுகாலம் 9 மணிக்கு முடியுது. அதுக்கு மேல அம்மாவை, உங்க அம்மாயியை, வடவள்ளி முதியோர் இல்லத்துல சேத்தறோம். 4 பக்கம் ஃபாரம் குடுத்திருக்காங்க. அதுல "சிறப்புக் கவனிப்பு"ன்னு ஒரே ஒரு கோடுதான் இருக்குது. சுகர், பிரஷர், தைராய்டு, லேசா மறதின்னு எழுதிட்டேன். வேற என்ன சேக்கோணும்? செல்வி கண்ணு, நீதான இந்த வேலையில இருக்கறவ, சொல்லு.

[6:52] செல்வி நர்சு: மாமா, அது வியாதிப் பட்டியலுங்க. அதே நாலும் அங்க இருக்கற பாதிப் பேருக்கு இருக்கும். தனியா ஒரு தாள் எழுதோணும். ஒரே தாள், ரெண்டு பக்கம், பெரிய எழுத்து. அதுக்கு மேல எழுதுனா ராத்திரி டியூட்டிக்காரங்க படிக்க மாட்டாங்க. கட்டில்கிட்ட மாட்டாதீங்க, வர்றவங்க போறவங்க எல்லாம் படிப்பாங்க. அலமாரிக் கதவு உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்க. ஆபீஸ் பைலுக்குள்ள மட்டும் போச்சுன்னா போனதுதான்.

[6:54] செல்வி நர்சு: மொத வரி, கூப்புடற பேரு. "பாட்டி"ன்னா அம்மாயி திரும்பவே மாட்டாங்க. "ஆத்தா"ன்னு எழுதுங்க. காது மிஷின் வலது பக்கம். அதனால வலது பக்கமா வந்து, மொகத்துக்கு நேரா நின்னு பேசோணும்.

[7:05] தாராபுரம் பெரியம்மா: அம்மா வெளிக்கு வந்தா "காட்டுக்குப் போகோணும்"னு சொல்லுவாளே, அதை எழுதோணுமா?

[7:11] செல்வி நர்சு: அதைத்தான் பெரிய எழுத்துல எழுதோணுங்க பெரியம்மா. கவனிக்க வர்ற புள்ளைங்க அஸ்ஸாம், ஒடிசாவா இருக்கலாம். தமிழ்ப் புள்ளையா இருந்தாலும் டவுன்ல வளந்திருக்கும். "காட்டுக்கு"ன்னா தோட்டத்து நெனப்புல பேசறாங்கன்னு எடுத்துக்கிட்டு "ஒக்காருங்க ஆத்தா"ன்னு படுக்க வெச்சிருவாங்க. பத்து நிமிசத்துல துணி வீணாயிரும். உடனே "கட்டுப்பாடு இல்லை"ன்னு நோட்டுல குறிச்சு டயப்பர் மாட்டிருவாங்க. பகல் முழுக்க டயப்பர்லயே விட்டா, போகோணும்னு சொல்ற பழக்கமே ஒரு மாசத்துல விட்டுப்போகும். எல்லாம் ஒரு சொல்லு புரியாததுனால.

[7:13] செல்வி நர்சு: அதனால "அம்மாயி சொல்றது / அதுக்கு என்ன அர்த்தம்"னு ரெண்டு கட்டம் போட்டு எழுதுங்க.
காட்டுக்குப் போகோணும்: மலம் கழிக்கோணும், உடனே கூட்டிட்டுப் போங்க.
கிறுகிறுங்குது: சுகரும் பிரஷரும் பாருங்க.
நெஞ்சு கரிக்குது: எரிச்சல். ஆனா கூடவே வேர்வையோ மூச்சு வாங்கறதோ இருந்தா ஈசிஜி.
மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்: இது சாயங்காலம் 5 மணிக்கு மேல வர்ற தடுமாற்றம்.
இந்த நாலையும் இந்தியிலயும் எழுதி வைங்க.

[7:20] பிரபு சிங்கப்பூர்: மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்னு கெளம்புனா என்ன பண்ணுவாங்க? மாடு வித்து 12 வருசம் ஆச்சுன்னு சொல்லிப் புரிய வெக்கலாம்ல?

[7:31] செல்வி நர்சு: அதைச் சொல்லவே கூடாதுங்க. எத்தனை தடவை சொன்னாலும் அவங்களுக்கு அன்னிக்குத்தான் மாடு போன மாதிரி இருக்கும். "எந்த மாடுங்க ஆத்தா, செவலையா?"ன்னு பேச்சுக் குடுத்து, கையில வேலை ஒண்ணு குடுக்கோணும். அவரைக்காய் உரிக்கறது, புளியில கொட்டை எடுக்கறது, துணி மடிக்கறது. 4:30-க்கே ரூம்ல லைட்டுப் போட்டறோணும், இருட்டுக் கட்ட ஆரம்பிச்சா தடுமாற்றம் எச்சாகும். 4 மணி காப்பிக்கு அப்புறம் வேற காப்பி வேண்டாம்.

[7:33] செல்வி நர்சு: ஒண்ணு மட்டும் வித்தியாசம் தெரிஞ்சுக்கோங்க. மறதி நோய் மாசக் கணக்குல மெதுவா ஏறும். ரெண்டே நாள்ல திடீர்னு குழம்பி, ஆளு தெரியாம பேசுனா அது "வயசாச்சு"ங்கறது இல்லைங்க. மூத்திரத்துல கிருமி, மலச்சிக்கல், தண்ணி பத்தாதது, சோடியம் கொறஞ்சது, புதுசா சேத்த மாத்திரை, பெரும்பாலும் இதுல ஒண்ணா இருக்கும். தூக்கம் வரவைக்கற பழைய வகை சளி மாத்திரையே போதும், குழப்பிவிட்டுரும். "திடீர்க் குழப்பம் வந்தா அன்னிக்கே டாக்டர்"னு எழுதுங்க.

[8:02] பொள்ளாச்சி மாமா: எழுதிட்டே இருக்கறேன் அம்மிணி. மாத்திரைக்கு வா. இங்க டப்பாவுல காலை, மதியம், ராத்திரின்னு பிரிச்சு வெச்சிருக்கறோம். அப்படியே குடுத்தறட்டா?

[8:15] செல்வி நர்சு: வேண்டாங்க மாமா. பிரிச்ச மாத்திரையைப் பாத்து அங்க இருக்கற நர்சு எது என்னன்னு சொல்ல முடியாது. அட்டையோட குடுங்க, கடைசிச் சீட்டும் கூட.
தைராய்டு மாத்திரை காலையில வெறும் வயித்துல, காப்பிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாடி. இல்லத்துல 8 மணிக்கு எல்லா மாத்திரையையும் ஒரே தட்டுல கொண்டுவருவாங்க. கால்சியம் மாத்திரையோட சேந்து போனா தைராய்டு மாத்திரை சரியா வேலை செய்யாது, ரெண்டுக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேணும். 5:30-க்கு தைராய்டுன்னு நேரத்தோட எழுதுங்க.
சுகர் மாத்திரையில எஸ்ஆர்னு போட்டிருக்கறதைப் பொடி பண்ணக் கூடாது. மெதுவா கரையற மாத்திரை, பொடி பண்ணுனா மொத்தமும் ஒரே வீச்சுல எறங்கும்.

[8:19] தாராபுரம் பெரியம்மா: அமாவாசைக்கும் புரட்டாசிச் சனிக்கும் ஒருபொழுது இருப்பாளே. அங்க போயும் விடமாட்டா.

[8:27] செல்வி நர்சு: நல்லவேளை சொன்னீங்க. அம்மாயிக்கு கிளிமிபிரைடுங்கற சுகர் மாத்திரை இருக்குது. அதைப் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் எறங்கிரும். விரதத்தை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீங்க, மாத்திரையை ஒளிச்சு வெச்சுட்டு முழுங்குனதா காட்டிருவாங்க. அன்னிக்கு எந்த மாத்திரை, எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட இப்பவே எழுதி வாங்கி, நாளோட பட்டியலாக் குடுத்தறுங்க. விரதம் இல்லாத நாள்லயும் சாப்பாடு எறங்கலைன்னா, அந்த மாத்திரை குடுக்கறதுக்கு முன்னால கேக்கோணும்.
சுகர் 70-க்குக் கீழ போனா, முழிப்பா இருந்தா மட்டும், 3 டீஸ்பூன் சக்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து 15 நிமிசத்துல மறுபடி பாக்கோணும். மயக்கத்துல வாயில எதையும் ஊத்தக் கூடாது.

[8:40] கார்த்தி பிசியோ: நான் போன வாரம் அந்த ரூமை அளந்தேன். கட்டில் மெத்தையோட 23 அங்குலம். அம்மாயி 5 அடி கூட இல்லை. ஒக்காந்தா கால் தொங்குது. எந்திரிக்கும்போது சறுக்கித்தான் எறங்குவாங்க, அங்கதான் இடுப்பெலும்பு ஒடையறது. ஒக்காந்தா ரெண்டு பாதமும் முழுசாத் தரையில படோணும். அம்மாயிக்கு 16லேருந்து 17 அங்குலம். சக்கரம் கழட்டுனா 3 அங்குலம் கொறையும், மீதிக்கு மெத்தையை மாத்தோணும்.

[8:41] பிரபு சிங்கப்பூர்: ரெண்டு பக்கமும் கம்பி தூக்கி விட்டுட்டா விழ மாட்டாங்கல்ல?

[8:46] கார்த்தி பிசியோ: மறதி இருக்கறவங்க கம்பி மேல ஏறித் தாண்டுவாங்க. 16 அங்குலத்துல விழறதுக்குப் பதிலா 3 அடியில விழுவாங்க. தாழ்வான கட்டில், ராத்திரி பாத்ரூம் வரைக்கும் மங்கலா ஒரு லைட்டு, இது போதும்.
படுக்கையிலிருந்து எந்திரிச்ச உடனே நடக்கக் கூடாது. 2 நிமிசம் ஓரத்துல ஒக்காந்து, காலை ஆட்டிட்டு அப்புறம். படுத்து ஒரு தடவை, நின்னு 1 நிமிசத்துலயும் 3 நிமிசத்துலயும் பிரஷர் பாக்கச் சொல்லுங்க. மேல் எண் 20 கொறஞ்சாலோ கீழ் எண் 10 கொறஞ்சாலோ மாத்திரை அளவை டாக்டர் மறுபடி பாக்கோணும்.
வாக்கர் உயரம்: கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு மடிப்புக்கு நேரா பிடி வரோணும். பின்கொசுவம் தரையில உரசக் கூடாது, ரெண்டு அங்குலம் தூக்கிக் கட்டோணும். ஹவாய் செருப்பு வேண்டாம், பின்னால பட்டை வெச்சது வாங்குங்க.
சாப்பாடு ரூமுக்கு வரக் கூடாது. சாப்பாட்டுக் கூடத்துக்கு மூணு வேளை நடந்து போறதுதான் அவங்களுக்கு உடற்பயிற்சி.

[9:10] தாராபுரம் பெரியம்மா: சாப்பாடு என்ன எழுதறது? களி இல்லாம இருக்க மாட்டா.

[9:24] செல்வி நர்சு: களியை மெல்லாம முழுங்கித்தான் பழக்கம். இப்போ தண்ணிக்கே அப்பப்ப இருமல் வருதுன்னு நீங்களே சொன்னீங்க. அப்படின்னா கெட்டிக் களி உருண்டை தொண்டையில நிக்கும். மோர் விட்டுக் கரைச்சு, ஸ்பூன்ல எடுத்தா மெதுவா விழற பதத்துல குடுக்கச் சொல்லுங்க. சந்தகை, கொழைய வெச்ச அரிசிம்பருப்பு சாதம், பச்சைப்பயறு கடைசல் எல்லாம் சுலபமா எறங்கும். ராகியாச்சேன்னு எச்சாப் போடக் கூடாது, அதுவும் சுகரை ஏத்தும். ரசத்தைக் குடிக்கக் குடுக்காம சோத்துல பெசஞ்சு குடுக்கோணும். நேரா ஒக்காந்து சாப்பிட்டு, அரை மணி நேரம் படுக்கக் கூடாது. விழுங்கறதைப் பேச்சுப் பயிற்சி நிபுணர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க.

[9:29] செல்வி நர்சு: இதை விட முக்கியம் டம்ளர். அம்மாயி அண்ணாந்து ஊத்திக் குடிப்பாங்க. தலையை மேல தூக்குனா தண்ணி மூச்சுக் குழாய்க்குள்ள போறது சுலபம், நெஞ்சுச் சளி, நிமோனியான்னு அப்படித்தான் ஆரம்பிக்குது. வாய் வெச்சுக் குடிங்கன்னா பொது டம்ளர்ல எச்சல் பண்ண மாட்டாங்க. அதனால பேரு வெட்டுன சொந்த டம்ளர் ரெண்டு குடுத்தனுப்புங்க. "இது உங்க டம்ளருங்க ஆத்தா"ன்னு காட்டுனாத்தான் வாய் வெப்பாங்க. தாடையைத் தூக்காம, சின்ன மொடக்கா.

[9:33] தாராபுரம் பெரியம்மா: சீர்ல வந்த வெங்கல டம்ளர்ல பேரு இருக்குது. அதையே தர்றேன்.

[9:34] செல்வி நர்சு: வெயிட்டுங்க பெரியம்மா, கை நடுங்கும். எவர்சில்வர்.

[மதியம் 1:15] ஈரோடு சித்தப்பா: மச்சானுங்க, பணம் காசு நான் சொல்றேன். மாமனார் தபால் துறை, அதனால அத்தைக்கு வர்றது மத்திய அரசு குடும்பப் பென்சன். 80 வயசு முடிஞ்சா 20 சதவீதம் கூடுதல் வரோணும். பென்சன் ஆணையில அத்தையோட பொறந்த தேதி இல்லாம இருந்தா வங்கியில தானா ஏறாது, பாஸ்புக்கை எடுத்துப் பாருங்க. உயிர்ச் சான்று 80 தாண்டுனவங்க அக்டோபர் 1-லேருந்தே குடுக்கலாம். ரேகை தேஞ்சிருந்தா ஜீவன் பிரமான் செயலியில மொகத்தை வெச்சே எடுக்கலாம். இல்லைன்னா தபால்காரரு இல்லத்துக்கே வந்து எடுப்பாரு, கட்டணம் 70 ரூபாய்.

[1:22] ஈரோடு சித்தப்பா: ஒப்பந்தத்துல பாக்க வேண்டியது: முன்பணம் திரும்ப வர எத்தனை நாள், விலைவாசின்னு வருசத்துக்கு எவ்வளவு ஏத்துவாங்க, டயப்பரும் பிசியோவும் சேந்ததா தனியா, ஆஸ்பத்திரியில 10 நாள் இருந்தா அந்த நாளுக்கும் முழு வாடகையா. ஆஸ்பத்திரியில கூட ஒக்கார ஆளு யாருன்னு கட்டாயம் கேளுங்க. பெரும்பாலும் "நீங்கதான்"னு சொல்லுவாங்க. மாவட்டச் சமூக நல அலுவலகத்துல பதிவு பண்ணுன இல்லமான்னும் சான்றைக் காட்டச் சொல்லுங்க.

[1:30] பிரபு சிங்கப்பூர்: அப்பா, அப்பத்தா ரூம்ல கேமரா வெக்கச் சொல்லுங்க. நான் இங்கிருந்தே பாத்துக்குவேன்.

[1:41] செல்வி நர்சு: துணி மாத்தற எடத்துல கேமரா வெக்க எந்த நல்ல இல்லமும் ஒத்துக்கக் கூடாது. நடையில இருந்தாப் போதும். கேமராவுல தெரியாததைக் கேட்டு வாங்குங்க. மாசம் ஒரு தடவை எடை. 52 கிலோவுல ஒரே மாசத்துல 2 அரை கிலோ கொறஞ்சா விசாரிக்கோணும். மூணு நாள் மலம் போகலைன்னா சொல்லோணும். அப்புறம் ராத்திரி 2 மணிக்கு எத்தனை பேருக்கு எத்தனை ஆளுன்னு கேளுங்க. பகல் கணக்கைக் காட்டித்தான் விளம்பரம் பண்ணுவாங்க.

[1:50] பொள்ளாச்சி மாமா: மொத வாரம் யாரும் வரவேண்டாம், பழகட்டும்னாங்க. சரிதானா?

[2:04] செல்வி நர்சு: மறதி இருக்கறவங்களுக்கு அது ஒத்துவராதுங்க மாமா, விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு வெசனப்படுவாங்க. தினமும் ஒரே நேரம், அரை மணி. மதியச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிசம் முன்னாடி போங்க, தட்டு வந்ததும் "சாப்புடுங்க, நாளைக்கு வர்றனுங்"னு சொல்லிட்டுக் கெளம்புங்க. தூங்கும்போது நழுவாதீங்க. ரெண்டு வாரத்துக்கு அப்புறம் கொறைக்கலாம்.

[இரவு 8:20] பொள்ளாச்சி மாமா: 📷 தாள் முடிஞ்சுது, பாருங்க.

[8:31] செல்வி நர்சு: நல்லா வந்திருக்குது. வெத்தலை விட்டுப்போச்சு. சாப்பாட்டுக்கு அப்புறம், ஒக்காந்திருக்கும்போது மட்டும், உரல்ல இடிச்சு. பொகையில இல்லாம. ராத்திரி பல் செட்டைக் கழட்டித் தண்ணியில போடறதும் எழுதுங்க. டப்பா மேலயும் பேரு. டிஷ்யூவுல சுத்தி வெச்சா குப்பைக்குப் போயிரும், இல்லங்கள்ல எச்சாத் தொலையறதுல அதுவும் ஒண்ணு.
இன்னொண்ணு, அம்மாயிகிட்டப் படிச்சுக் காட்டுனீங்களா?

[8:33] பொள்ளாச்சி மாமா: இல்லை. காட்டறேன்.

[9:05] தாராபுரம் பெரியம்மா: 🎤 குரல் பதிவு 0:48

[9:09] பொள்ளாச்சி மாமா: கேக்காதவங்களுக்கு: அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு "கட்டில் எந்தப் பக்கம் தலை?"ன்னு மட்டும் கேட்டாங்க. கார்த்தி, எந்தப் பக்கம்?

[9:14] கார்த்தி பிசியோ: வடக்கங்க மாமா. 🤦 வடக்க தலை வெச்சு அம்மாயி படுக்க மாட்டாங்க. ராத்திரி திரும்பிக் கால்மாட்டுல தலை வெச்சுக்குவாங்க. அழைப்பு மணி, லைட்டு சுவிட்ச், கைப்பிடி எல்லாம் கால் பக்கம் போயிரும்.

[9:16] பொள்ளாச்சி மாமா: கட்டிலையே திருப்பிப் போட்டா?

[9:21] கார்த்தி பிசியோ: கிழக்க திருப்பலாம், எடம் இருக்குது. ஆனா மணி ஒயர் 3 அடிதான், எட்டாது. நாளைக்குப் போன் பண்ணி நீட்டு ஒயர் மாட்டச் சொல்லுங்க, இல்லைன்னா ஒயர் இல்லாம கழுத்துல போடற மணி இருக்குதான்னு கேளுங்க. திங்கக்கிழமை சேக்கறதுக்கு முன்னாடி திருப்பியிருக்கோணும். சேத்ததுக்கு அப்புறம் மாத்துனா பாத்ரூம் எந்தப் பக்கம்னு அம்மாயிக்குத் தடுமாறும்.

[9:22] பொள்ளாச்சி மாமா: சரி, காலையில 9 மணிக்குக் கூப்புடறேன். தாள்லயும் சேத்தீட்டேன்: "தலை கிழக்கு."