காற்றாடி சுற்றுகிறது, பேட்டரி இறங்குகிறது: எங்கே தவறு?

தோவாளைக்காரன்:
வணக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் எங்கள் வாழைத்தோட்டம். மோட்டார் அறையில் இரவு ஒரு விளக்கு எரிந்தால் போதும் என்று, பழைய கார் ஆல்டர்னேட்டரின் (காரில் மின்சாரம் உண்டாக்கும் கருவி) தண்டில், பிவிசி குழாயில் அறுத்த மூன்று இறக்கைகளைப் பொருத்தினேன். முனைக்கு முனை 1.5 மீட்டர். தகரக் கூரைக்கு மேல் இரண்டடி உயரத்தில் நிற்கிறது. இரவெல்லாம் சுற்றுகிறது, ஆனால் மாலையில் 12.5 வோல்ட் காட்டிய பேட்டரி, விளக்கே போடாமல், காலையில் 11.8 காட்டுகிறது. ஒரு மாத உழைப்பு. யாராவது வழி சொல்லுங்கள்.

காயில்கடை:
தம்பி, உங்கள் வேலையில் பழுதில்லை, ஆல்டர்னேட்டர்தான் இதற்கு ஏற்றதல்ல. அதன் உள்ளே காந்தம் கிடையாது. பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கித்தான் ரோட்டார் (சுழலும் பகுதி) சுருள் காந்தமாகிறது. கார் எஞ்சின் வேகத்தில் வாங்கியதைப் பல மடங்காகத் திருப்பித் தரும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றாவது வேண்டும். உங்கள் இறக்கை, நொடிக்கு 4 மீட்டர் வேகக் காற்றில், மிஞ்சிப் போனால் 300 சுற்று. வாங்குவது மட்டுமே நடக்கிறது. ரெகுலேட்டருக்கு (ரோட்டார் சுருளுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) போகும் மெல்லிய வயரில் அம்மீட்டரை வைத்துப் பாருங்கள்.

தோவாளைக்காரன்:
வைத்தேன் அண்ணா. 2.8 ஆம்பியர்! வயரைக் கழற்றிய இரவு பேட்டரி இறங்கவில்லை. பெல்ட் போட்டு வேகத்தைக் கூட்டலாமா?

காயில்கடை:
பெரிய காற்றாலைகள் பலவற்றில் கியர்பெட்டி அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால் இவ்வளவு சிறிய இறக்கைக்குப் பெல்ட்டின் உராய்வே பாரமாகிவிடும். மெல்லிய காற்றில் அசையாது. ரோட்டாரில் நியோடிமியம் என்ற வலுவான நிலைக்காந்தம் பதித்து, ஸ்டேட்டரில் (சுழலாத பகுதி) மெல்லிய கம்பியை அதிகச் சுற்றாகக் கட்டினால் குறைந்த வேகத்திலேயே, பேட்டரி ஏறும் அளவுக்கு, 13 வோல்ட்டைத் தாண்டும். நான் அப்படிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மேல்காற்று:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள திறன் எட்டு மடங்காகும். உங்கள் இறக்கை அளவுக்கு நொடிக்கு 3 மீட்டர் வேகக் காற்றில் ஏறக்குறைய 29 வாட்தான் இருக்கிறது; 6 மீட்டரில் 229. அதிலும் 59.3 சதவீதத்துக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. காற்றை முழுவதும் நிறுத்திவிட்டால் பின்னால் வரும் காற்றுக்கு வழியில்லை. வீட்டில் செய்த இறக்கை கால்பங்கு தந்தாலே நல்லது. ஆகவே முதலில் உயரம். கூரை விளிம்பில் மோதி எழும் காற்று சுழன்று சுழன்று வரும், இறக்கை திசை தெரியாமல் தலையாட்டும். தென்னைக்கு மேலே போக முடியுமா?

தோவாளைக்காரன்:
உண்மை, வால் ஓயாமல் ஆடுகிறது. மேற்கு வரப்பில் மரமே இல்லை. அங்கே 30 அடி இரும்புக் குழாய் நட்டு, கம்பி இழுத்துக் கட்டுகிறேன்.

மேல்காற்று:
நல்லது. ஆனால் காந்தம் பதித்த பிறகு, காற்று அடிக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள். சுமை இல்லாத இறக்கை கட்டுமீறிச் சுற்றிப் பிய்ந்து பறக்கும். ஜெனரேட்டரின் மூன்று வயர்களையும் ஒன்றாக இணைக்கும் சுவிட்ச் ஒன்றைக் கம்பத்தின் அடியில் வையுங்கள். பிரேக் போட்டதுபோல் வேகம் அடங்கும். ஆனிக்கு முன் அதை மாட்டிவிடுங்கள்.