65 டிகிரியில் தெர்மோலைசின் ஏன் நின்றுவிடுகிறது?

கேள்வி: புரதத்தை வெட்ட தெர்மோலைசின் நொதியை 65 டிகிரி செல்சியஸில் வைக்கிறேன். பாஸ்பேட் பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்), 1 மில்லிமோலார் ஈடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள்). அரை மணி நேரத்தில் வேலை நின்றுவிடுகிறது. வெப்பம் தாங்கும் நொதிதானே?

பதில் 1: தாங்கும், கால்சியம் இருக்கும்வரை. மூலக்கூறில் நான்கு கால்சியம் அயனிகள், வெட்டும் இடத்தில் ஒரு துத்தநாகம். ஈடிடிஏ இரண்டையும் பிடுங்கிவிடும். பாஸ்பேட் கால்சியத்தை வீழ்படிவாக்கும். கால்சியம் போனால் நொதியின் முப்பரிமாண மடிப்பு தளர்ந்து, நொதி தன்னையே வெட்டிக்கொள்ளும். பாஸ்பேட்டுக்குப் பதில் ஹெப்பீஸ் பஃபரில் 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேருங்கள்.

பதில் 2: டிரிஸ் பஃபர் என்றால் கவனம். 25 டிகிரியில் பிஎச் 8 வைத்தால், 65-இல் ஏறத்தாழ 6.9-க்கு இறங்கிவிடும்.

கேட்டவர்: வெட்டுவதை நிறுத்த பிஎம்எஸ்எஃப் என்ற தடுப்பான் போதுமா?

பதில் 1: போதாது. அது செரின் புரோட்டியேஸ்களுக்கானது (செரின் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு புரதத்தை வெட்டும் நொதிகள்), இதுவோ உலோக நொதி. கடைசியில் 20 மில்லிமோலார் ஈடிடிஏ போடுங்கள்; கால்சியத்தைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும்.