75 மார்க்குக்கு எதுக்கு தமிழ் படிக்கணும்னு கேட்ட அண்ணாநகர் தம்பிக்கு

கொழிஞ்சாம்பாறைக்காரன்
ஐஏஎஸ் மெயின்ஸ், அதான் யுபிஎஸ்சி ரெண்டாங்கட்ட எழுத்துப் பரீட்சைய பத்தி நேத்து ராத்திரி அண்ணாநகர் வாசி எழுதுனத படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறலீங்க. பாக்காதவங்களுக்காக அத அப்படியே போடறேன்: "மெயின்ஸ் தமிழ் பேப்பருக்கு ஒரு நாள் கூட வேஸ்ட் பண்ணாதீங்க. 300க்கு 75 எடுத்தா போதும். தாய்மொழில 75 எடுக்க எந்த முயற்ச்சியும் தேவயில்ல. அதுல ஃபெயில் ஆகுறவன் தமிழனே இல்ல."

கடைசி வரிய மட்டும் திரும்ப படிங்க. நாங்க கேரளாவுல, பாலக்காடு எல்லைல இருக்கற தமிழ் குடும்பம். என் தங்கச்சி அந்த பேப்பர்லதான் போனா. வீட்ல அம்மாகிட்ட தமிழ், ரேஷன் கடைல தமிழ், கோயில்ல தமிழ், பள்ளிக்கூடம் மட்டும் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து மலையாளம். அவ தமிழச்சி இல்லைன்னு சொல்றதுக்கு நீங்க யாரு?

அண்ணாநகர் வாசி
ப்ரோ பர்சனலா எடுத்துக்காதீங்க. நான் மூணு மெயின்ஸ் எழுதுனவன், மூணு தடவையும் பேப்பர் ஏ-க்கு, அதான் இந்த தாய்மொழி பேப்பருக்கு, ஒரு பக்கம் கூட படிக்கல, மூணு தடவையும் பாஸ். கட்டுரை, ஜிஎஸ் (பொதுப் பாடம்) நாலு, ஆப்ஷனல் (விருப்பப் பாடம்) ரெண்டு, எல்லாம் சேத்து 1750 மார்க். அதுல பேப்பர் ஏ ஒரு மார்க்காவது சேருதா? சேராது. சேராத பேப்பருக்கு எதுக்கு நாள செலவு பண்ணணும். வெறும் 75.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
சேராதுதான், ஆனா 75 வரலைன்னா நீங்க சொல்ற அந்த 1750-ய கணக்குலயே எடுத்துக்க மாட்டாங்க. அத ஏன் எழுதல? ஒரு வருஷம் பூரா ஒருத்தி விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சு படிச்சது, ஆப்ஷனல் நோட்டு பதினோரு நோட்டு, எல்லாம் ஒரு காலைநேரத்துல போச்சு. அந்த 75-க்கு முன்னாடி "வெறும்"னு ஒரு வார்த்தைய போடறதுக்கு உங்களுக்கு எப்படி மனசு வருது.

குண்டாறு
ரெண்டு பேரும் சண்டைய விடுங்க. தமிழ் படிக்கணும்னு ஆச இருந்தா தமிழ் இலக்கியத்த ஆப்ஷனலா எடுத்தா ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. ஆனா அதுக்கு காலேஜ்ல தமிழ் பி.ஏ முடிச்சிருக்கணும்லா, அதான் எங்க செங்கோட்டை பக்கம் பயலுவ எடுக்க மாட்டாங்க.

நகரி தறி
அண்ணாச்சி அது தப்பு. பட்டப்படிப்புல அந்த மொழி இலக்கியம் படிச்சவங்கதான் எடுக்கலாம்னு 2013 மார்ச்ல ஒரு அறிவிப்பு வந்துச்சு, நாடு பூரா எதிர்ப்பு கிளம்புனதும் அதே மாசம் வாபஸ் வாங்கிட்டாங்க. இப்ப இஞ்சினியரிங் படிச்சவங்க கூட தமிழ் இலக்கியம் எடுக்கலாம். பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆகியும் இத சொல்லி பசங்கள பயமுறுத்துறத நிறுத்துங்க.

குண்டாறு
நான் பயமுறுத்தல தாயி. எங்க ஊர்ல ஒரு வாத்தியாரு சொன்னாரு.

அண்ணாநகர் வாசி
டாப்பிக்க மாத்தாதீங்க. கொழிஞ்சாம்பாறை ப்ரோகிட்ட ஒரே கேள்வி. உங்க தங்கச்சி பேப்பர் ஏ-ல எத்தன மார்க்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்
அது உங்களுக்கு எதுக்கு. குவாலிஃபை ஆகல, அவ்ளோதான்.

அந்த பேப்பர் எப்படி இருக்கும்னு இங்க பாதி பேருக்கு தெரியாது, அதனால சொல்றேன். கட்டுரை 100, பத்திய படிச்சு பதில் எழுதறது 60, சுருக்கி எழுதறது 60, இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கு 20, தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்கு 20, இலக்கணம் சொல்வழக்கு 40. மூணு மணி நேரம் பூரா கையில எழுதோணும். வாயில பேசற தமிழுக்கு அங்க ஒரு மார்க்கும் கெடையாது.

அவ பரீட்சை முடிஞ்சு வந்தப்பறம் வீட்ல ஒக்கார வச்சு அதே கட்டுரைய திரும்ப எழுத சொன்னேன். சுற்றுச்சூழல் மாசுன்னு எழுத வேண்டிய எடத்துல "பரிஸ்திதி மலினீகரணம்"னு எழுதியிருந்தா, விண்ணப்பத்துக்கு "அபேட்சை", அதிகாரிக்கு "உத்யோகஸ்தன்". ஒரு எடத்துல க போட போயி கை தன்னால மலையாள எழுத்த போட்டு, அத அடிச்சு, பக்கத்துல தமிழ் க. ர எங்க ற எங்கன்னு தெரியாம ஒவ்வொரு வரியிலயும் பேனா நின்னு நின்னு போன எடம் மையா தெரியுது. பன்னெண்டு வருஷம் மலையாளத்துல எழுதுன கைங்க அது. கட்டுரைல என்ன சொல்லோணும்னு அவளுக்கு தெரியும், நல்லாவே தெரியும், சொல்றதுக்கு எழுத்து வரல.

அண்ணாநகர் வாசி
இப்ப தெளிவா சொல்லிட்டீங்க. மலையாளத்துல படிச்ச பொண்ணு பேப்பர் ஏ-க்கு மலையாளத்த எடுத்திருக்கணும். எட்டாவது அட்டவணைல 22 மொழி இருக்கு, எது வேணா எடுக்கலாம், அப்ளிகேஷன்லயே கேக்குறான். அது உங்க முடிவு தப்பு. 75 மார்க் மேல தப்பில்ல.

குமுளி ஏலக்கா
இதுல அண்ணாநகர் சொல்றது சரிதான்ணே. நானும் மலையாள மீடியம், எஸ்டேட் லயத்துல பொறந்தவன். மலையாளந்தான் போடுவேன். வேலதான் முக்கியம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
குமுளி தம்பி, உங்க முடிவு உங்களுக்கு, நான் குறை சொல்லல. எங்கப்பா அப்ளிகேஷன் போடற அன்னைக்கு பக்கத்துல நின்னு "நம்ம பாஷைய போடு கண்ணு"ன்னு சொன்னாரு. அவரு அஞ்சாவது வரைக்கும் தமிழ்ல படிச்சவரு. எங்க வேலந்தாவளம் எல்லை செக்போஸ்ட்ல இருந்து பாத்தா கோயமுத்தூர் ஜில்லா வயல் தெரியும், அங்க நிக்கறவனுக்கு இருக்கற பாத்தியத இங்க நிக்கறவனுக்கு இல்லையா? அவரு கேட்டதுல என்ன தப்பு, அவ போட்டதுல என்ன தப்பு. தப்பு என்னன்னா "75 தூக்கத்துலயே வரும்"னு அவகிட்ட சொன்ன ஆளுங்க. அதுல நானும் ஒருத்தன். அதனாலதான் இவ்ளோ எழுதறேன்.

அண்ணாநகர் வாசி
அப்ப நீங்களே அட்வைஸ் பண்ணிட்டு என்மேல பாயுறீங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
ஆமா நான் சொன்னேன், அதுக்கு தெனம் அவ மூஞ்சிய பாத்து அனுபவிக்கறேன். நீங்க ஆயிரம் பேருக்கு சொல்றீங்களே, அவங்க மூஞ்சிய யாரு பாப்பா?

நகரி தறி
நான் நடுவுல வர்றேன். நாங்க ஆந்திரா எல்லைல நகரி. வீட்ல தமிழ், தறிக்கொட்டாய்ல பாதி தமிழ் பாதி தெலுங்கு, படிச்சது தெலுங்கு மீடியம். ம.பொ.சி ஐயா போராடி திருத்தணி 1960ல தமிழ்நாட்டுக்கு போச்சு, நகரியும் புத்தூரும் சித்தூரும் போகல, அதனால எங்க பசங்க கையெழுத்து தெலுங்காயிடுச்சு. நான் பேப்பர் ஏ-க்கு தெலுங்குதான் போட்டேன், அப்படியும் விடிய விடிய ஒரு வாரம் சுருக்கி எழுதற பயிற்சி பண்ணேன். படிச்ச மொழிக்கே அது வேணும். அண்ணாநகர் தம்பி "ஃபெயில் ஆகுறவன் தமிழனே இல்ல"ன்னு எழுதுனத மொதல்ல எடுங்க, அப்பறம் மார்க்க பத்தி பேசலாம்.

அண்ணாநகர் வாசி
அது ஒரு ஃப்ளோல எழுதுனது. நீங்க எல்லாம் அந்த ஒரு வரிய புடிச்சு தொங்குறீங்க. பாயிண்ட் என்னன்னா 75.

குண்டாறு
கொழிஞ்சாம்பாறை தம்பி ஒண்ணு. உங்க ஏரியா மலபார் ஜில்லாவுலதான இருந்துச்சு, மதராஸ் ராஜ்ஜியம். 1956ல மாநிலம் பிரிச்சப்ப எங்க செங்கோட்டை திருவிதாங்கூர்ல இருந்து இங்கிட்டு வந்துச்சு, நீங்க அங்கிட்டு போனீங்க. அப்பவே எங்கள மாதிரி நீங்களும் போராடியிருந்தா இந்த பஞ்சாயத்தே இல்ல.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
தெரியாம பேசாதீங்க அண்ணாச்சி. பாலக்காடு தாலுகா மலபார், சரி. எங்க சித்தூர் தாலுகா (நகரி அக்கா சொன்ன ஆந்திரா சித்தூர் இல்ல) கொச்சி ராஜாவோடது. நாங்க மதராஸ்ல இருந்ததே இல்ல, அப்பறம் எங்க இருந்து பிரிஞ்சு போறது?

குமுளி ஏலக்கா
போராடலைன்னு சொல்றீங்களே, தேவிகுளம் பீர்மேட்ட தமிழ்நாட்டோட சேக்க எத்தன போராட்டம் நடந்துச்சு, என்ன கெடச்சுது? போராடுனா எல்லாம் வந்துருமா அண்ணாச்சி.

குண்டாறு
நான் பொதுவா சொன்னேன். எங்க தாத்தாவும் திருவிதாங்கூர் சக்கரக் காசுல கூலி வாங்குனவருதான், எங்களுக்கும் எல்லா வரலாறும் தெரியும்.

அண்ணாநகர் வாசி
பரீட்சைய பத்தி பேசுறோமா, பட்டயத்த பத்தி பேசுறோமா? மொதல்ல பிரிலிம்ஸ், அந்த முதற்கட்ட பரீட்சைய தாண்டுங்க எல்லாரும். சிசாட்ல, அதான் பிரிலிம்ஸ் ரெண்டாவது பேப்பர்ல, 66 எடுக்க முடியாம வருஷா வருஷம் எத்தன பேர் போறாங்க, அத பத்தி எவனும் பேசல. தப்பு பதிலுக்கு மூணுல ஒரு பங்கு கட் ஆகுற பரீட்சை. அத விட்டுட்டு 75.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
அவ சிசாட் தாண்டுனவ. கோயமுத்தூர்ல எழுதி மொத தடவையே பிரிலிம்ஸ் தாண்டுனவ. உங்களுக்கு எத்தனாவது தடவைல கெடச்சுது?

அண்ணாநகர் வாசி
மூணாவது. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஓபிசிக்கு ஒம்போது வாய்ப்பு இருக்கு, 35 வயசு வரைக்கும் எழுதலாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
ஒம்போது வாய்ப்பு இருக்கறவருக்கு ஒண்ணு போனா வலிக்காது. அதோட தமிழ்நாடு அரசு மாசம் 7500 குடுக்குது, ஆயிரம் பேருக்கு, பத்து மாசம். பிரிலிம்ஸ் பாஸானா 25,000. நான் முதல்வன் திட்டம், நல்ல திட்டம், குறை சொல்லல. ஆனா அந்த காசு வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி வராது. தமிழ் எழுதறதுக்கு நாங்க தமிழன் இல்ல, உதவித்தொகைக்கும் நாங்க தமிழ்நாடு இல்ல. இங்க கேரளாவுல என்னடான்னா பள்ளிக்கூடத்துல மலையாளம் கட்டாயம்னு 2017ல சட்டம். எங்க புள்ளைங்க எந்த கதவ தட்டோணும், சொல்லுங்க.

அண்ணாநகர் வாசி
கேரளாவுல ரேஷன் கார்டு, கேரளாவுல ஓட்டு, காசு மட்டும் இங்க இருந்து வேணுமா? உங்களுக்கும் அங்க அரசு அகாடமி இருக்கு. போய் படிங்க.

நகரி தறி
இந்த பேச்சு பேசுனா நாளைக்கு ஐஏஎஸ் ஆகி எந்த எல்லை ஜில்லாவுக்கு போய் யார் மனுவ வாங்க போறீங்க தம்பி? மனசுல இருக்கறது வெளிய வருது.

அண்ணாநகர் வாசி
மேடம் உங்க ஜில்லாவுக்கு வர மாட்டேன், கவலப்படாதீங்க. இன்னும் நான் கேட்டதுக்கு பதில் வரல. எத்தன மார்க்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்
மார்க் மார்க்னு கேக்கறீங்களே, நான் உங்களுக்கு மார்க் போடட்டுமா. உங்க பதிவுல "முயற்ச்சி"ன்னு எழுதியிருக்கீங்க. ற் வந்தா அதுக்கு பின்னாடி இன்னொரு புள்ளி வச்ச எழுத்து வராது. முயற்சி. பயிற்சி. ட்-க்கும் அதேதான், கட்சி, காட்சி. நாலாவது படிக்கற பையன் நோட்டுல வாத்தியார் சிவப்பு மசில சுழிக்கற தப்பு இது. தூக்கத்துல 75 எடுக்கறவருக்கு இது தெரியல.

அண்ணாநகர் வாசி
அது டைப்பிங் மிஸ்டேக். கீபோர்டு தானா போட்டுச்சு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
போன மாசம் பதிவுலயும் "பயிற்ச்சி"ன்னு இருக்கு. ரெண்டு தடவையும் கீபோர்டா?

குண்டாறு
முயற்சிதான் சரி. தம்பி அத ஒத்துக்கிடலாம், அதுல ஒண்ணும் குறைஞ்சு போகாது.

அண்ணாநகர் வாசி
ஒரு புள்ளிக்கு ஒத்துக்கணுமாம். அந்த புள்ளியோடதான் மூணு தடவ பாஸ் ஆனேன். அப்ப என் பாயிண்ட்தான கரெக்ட்? தப்பா எழுதுனாலும் 75 வரும்.

குமுளி ஏலக்கா
இதுக்கு என்ன பதில் கொழிஞ்சாம்பாறைண்ணே?

கொழிஞ்சாம்பாறைக்காரன்
பதில் இருக்குது. அவருக்கு ஒரு புள்ளிதான் தப்பு, பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்ல படிச்ச அடித்தளம் கீழ கெடக்குது, அதுமேல நின்னுட்டு "படிக்க வேண்டாம்"னு சொல்றாரு. எங்க புள்ளைங்களுக்கு அந்த அடித்தளமே இல்ல. மொத வாரம் கட்டுரை ஜிஎஸ் எல்லாம் முடிஞ்சிரும், மொழி பேப்பர் அடுத்த சனிக்கிழமை காலைல வரும், அதே மத்தியானம் இங்கிலீஷ், ஞாயித்துக்கெழமை ஆப்ஷனல். வெள்ளிக்கெழமை ராத்திரி அவ எத படிப்பா? 500 மார்க் ஆப்ஷனலத்தான் படிச்சா. யாரா இருந்தாலும் அதத்தான் படிப்பாங்க. அதனாலதான் ஆறு மாசத்துக்கு முன்னாடியே தெனம் ஒரு பக்கம் கையில எழுதோணும்னு சொல்றேன். தினத்தந்தி தலையங்கத்த மூணுல ஒரு பங்கா சுருக்கி எழுதோணும். இப்ப அவ அதத்தான் பண்றா. சாயங்காலம் அரமணி நேரம், நான் திருத்தறேன், எனக்கு தெரியாதத பக்கத்து தமிழ் டீச்சர்கிட்ட கேட்டு திருத்தறேன். நேத்து மொத தடவையா ஒரு பக்கத்துல ற சந்தேகம் ஒண்ணே ஒண்ணுதான்.

அண்ணாநகர் தம்பிக்கு ஒரு வேல குடுக்கறேன். "எல்லையோரக் கல்வி"ன்னு 600 வார்த்தைல ஒரு கட்டுரை, கையில எழுதி போட்டோ புடிச்சு போடுங்க. ஃபோன பாக்காம. இன்னைக்கு ராத்திரிக்குள்ள.

அண்ணாநகர் வாசி
எனக்கு டெஸ்ட் சீரிஸ் இருக்கு. வேணும்னா டைப் பண்ணி போடறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
பரீட்சை ஹால்ல கீபோர்டு குடுப்பாங்களா? கையில.

நகரி தறி
கையில போடுங்க தம்பி, நானும் தெலுங்குல ஒண்ணு எழுதி போடறேன்.

அண்ணாநகர் வாசி
யாருக்கும் நான் ப்ரூவ் பண்ண வேண்டியதில்ல. 75 மார்க்குக்கு கையெழுத்து போட்டோ கேக்குற ஆளுங்கள இப்பதான் பாக்குறேன். அந்த பதிவையும் எடுக்க மாட்டேன். மார்க் எத்தனன்னு சொல்லுங்க, அப்பறம் எழுதறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
மொதல்ல கட்டுரைய போடுங்க.