பன்னிரண்டணா வலியும் பத்துக்குள் அடங்கும் எண்ணும்: மூத்தோர் நோய்த்தணிப்பு ஆய்வு பற்றிய விவாதம்

படுக்கையோரம்:
மூத்தோருக்கான நோய்த்தணிப்புச் சிகிச்சையில், அதாவது கடும் நோயில் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் சிகிச்சையில், நம்மிடம் ஆய்வுத்திறன் வளரவில்லை என்று புலம்புவது வீண் என்று எண்ணாளன் நேற்று இங்கே எழுதியிருந்தார். வலியை 0 முதல் 10 வரை எண்ணாகக் கேட்கும் அளவுகோல் கையில் இருக்கும்போது, இரண்டு நாள் பயிற்சி கொடுத்து யாரை அனுப்பினாலும் தரவு வந்து சேரும் என்பது அவர் வாதம். அதைப் படித்தபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் வீடு வீடாகப் போய், எழுந்திருக்க முடியாத முதியவர்களைப் பார்த்த செவிலி நான். எலும்புவரை புற்று பரவியிருந்த ஒரு பெரியவர், முதல் இரண்டு முறை நான் போனபோதும் "ஒன்றுமில்லை தாயே" என்றே சொன்னார். மகன் கட்டில் அருகிலேயே நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் முறை மகன் வெளியே போன பிறகுதான், "ரூபாய்க்குப் பன்னிரண்டணா இருக்கும்" என்று என் காதோரம் சொன்னார். இரண்டு நாள் பயிற்சி பெற்றவர் அந்த வீட்டிலிருந்து 0 என்று எழுதிக்கொண்டு வந்திருப்பார்.

எண்ணாளன்:
அம்மா, உங்கள் சேவையை நான் மதிக்கிறேன்; ஆனால் உங்கள் எடுத்துக்காட்டு என் பக்கமே நிற்கிறது. ரூபாய்க்குப் பதினாறணா என்றால், பன்னிரண்டணா என்பது பத்துக்கு ஏழரை. படிப்பறிவு குறைந்த முதியவரும் வலியை அளவாகச் சொல்லக்கூடியவர் என்பதை நீங்களே நிறுவிவிட்டீர்கள். எண் இல்லாமல் எழுதப்படும் எந்த முன்மொழிவுக்கும் நிதி கிடைக்காது. பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்திலேயே நோய்த்தணிப்புச் சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். உலகம் முழுவதும் இத்துறையை ஏறெடுத்துப் பார்க்க வைத்தவை அந்த இரண்டு எண்கள், கதைகள் அல்ல.

மருதநிலம்:
முதியோர் மருத்துவம் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு கேள்வி. ஆய்வுத்திறன் என்று நாம் எதைச் சொல்கிறோம்? பயிற்சி பெற்ற ஆட்களையா, ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தையா, நிதியையா, ஆய்வுக்கு அனுமதி தரும், இத்துறையைப் புரிந்துகொள்ளும் அறநெறிக் குழுக்களையா? சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கான எம்.டி. 1996இல் தொடங்கியது, நோய்த்தணிப்பு மருத்துவத்துக்கான எம்.டி. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 2012இல்தான் வந்தது. இந்த இரண்டு துறைகளும் ஒரே நோயாளியைப் பார்க்கின்றன, ஆனால் ஒன்றோடொன்று பேசுவதில்லை. முதலில் சொல்லை வரையறுத்துக்கொண்டு பிறகு வாதிடலாமே.

படுக்கையோரம்:
எண்ணாளன் அவர்களே, பன்னிரண்டணாவை ஏழரையாக்கியதோடு உங்கள் வேலை முடிந்துவிட்டது. அந்தப் பன்னிரண்டணாவை வாங்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று என்பதைப் பற்றி ஒரு சொல்லும் நீங்கள் எழுதவில்லை. பாஸ்டன் ஆய்வை நானும் படித்திருக்கிறேன். அதில் சேர்க்கப்பட்டவர்கள் புதிதாக நோய் கண்டறியப்பட்டு, நடந்து புறநோயாளிப் பிரிவுக்கு வரக்கூடியவர்கள். ஆங்கிலத்தில் படித்துப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள். அப்படிப்பட்டவர்களிலேயே 27 பேர் பன்னிரண்டு வாரத்துக்குள் இறந்துவிட்டார்கள். எண்பது வயதில், நான்கு நோய்களோடு, காது கேளாமல் படுத்திருப்பவரை அந்தக் கணக்கில் எங்கே வைப்பீர்கள்? கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மாத்திரை பற்றிச் சென்ற ஆண்டு நடந்த விவாதத்தில் நான் எழுதியதை "அனுபவக் கதை" என்று ஒதுக்கியவர் நீங்கள்தான். நான் மறக்கவில்லை.

பாரதப்புழை:
பாலக்காட்டில் தன்னார்வலராக இருப்பவன் நான். இந்தச் சண்டையே எங்களுக்குத் தேவைப்படவில்லை. கோழிக்கோட்டில் 1993இல் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கம் தொடங்கியது; 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக்கொள்கையே அறிவித்தது. ஊர்க்காரர்களே நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் அமைப்பு இருந்தால் ஆய்வு தானாக வளரும்.

எண்ணாளன்:
தானாக எதுவும் வளர்வதில்லை, ஐயா. சேவை செய்வது வேறு, அந்தச் சேவையை ஆராய்வது வேறு. தமிழ்நாட்டிலும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சென்று நோய்த்தணிப்புச் சிகிச்சை தருகிறார்கள். அதனால் மட்டும் நாம் ஆய்வில் முன்னேறிவிட்டோம் என்று நான் பெருமை பேசவில்லை.

பாரதப்புழை:
பெருமை பேச உங்களுக்கு இன்னும் பதின்மூன்று ஆண்டு ஆகும். எங்கள் கொள்கை வந்த ஆண்டையும் உங்கள் திட்டம் வந்த ஆண்டையும் அருகருகே எழுதிப் பாருங்கள்.

படுக்கையோரம்:
இரு மாநிலங்களின் வயதை ஒப்பிட இது இடமில்லை. மலையாளத்தில் கேட்டாலும் மகன் பக்கத்தில் நின்றால் தந்தை வாய் திறக்கமாட்டார். என் வாதம் இதுதான்: மருந்துச் செலவுக்கு மகன் கடன் வாங்குவதை அறிந்த முதியவர் வலியைக் குறைத்துச் சொல்கிறார், அந்தக் குறைவு தரவுக்குள் புகுந்து, பிறகு "இங்கே வலி குறைவு" என்ற முடிவாக வெளியே வருகிறது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிவு, திமிர்ப்பு என்று ஒவ்வொன்றையும் அவர்கள் தனித்தனியாகச் சொல்வார்கள். எரிவும் திமிர்ப்பும் நரம்பு சார்ந்த வலியைக் காட்டக்கூடியவை, அதற்கு மருந்தே வேறு. இவை எல்லாவற்றையும் ஏழரை என்ற ஒரே எண்ணுக்குள் போட்டால் மருத்துவருக்கு என்ன தெரியும்? வீட்டுக்குப் போகும் செவிலியருக்கு ஆய்வுமுறை கற்றுக்கொடுங்கள். சம்பளத்தோடு நேரம் ஒதுக்குங்கள். கட்டுரையில் அவர்கள் பெயரையும் போடுங்கள். நான் சேகரித்துக் கொடுத்த குறிப்பேடுகளை வைத்து ஒருவர் பட்டம் வாங்கினார். நன்றியுரையில்கூட என் பெயர் இல்லை.

நான்காம் மகள்:
மறதிநோய் முற்றியிருந்த என் அம்மாவை ஐந்து ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். எண்ணும் அணாவும் அவருக்குத் தெரியாமல் போய்விட்டன. இடுப்பு வலித்தால் முந்தானை நுனியை வாயில் வைத்துக் கடிப்பார். அது வலி என்று கண்டுபிடிக்க எனக்கே எட்டு மாதம் பிடித்தது. அப்படிப்பட்டவர்களைப் பற்றி நீங்கள் இருவருமே பேசவில்லை.

எண்ணாளன்:
அதற்கும் கருவி இருக்கிறது, அம்மா. பெயினாட் என்ற அளவுகோல் 2003இல் வந்தது. மூச்சு, முனகல், முகபாவம், உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இட்டால் மொத்தம் பத்துக்குள் வந்துவிடும்.

படுக்கையோரம்:
மறுபடியும் பத்து. முந்தானையைக் கடிப்பதற்கு எத்தனை மதிப்பெண் என்று எட்டு மாதம் உடனிருந்த மகளைத்தானே கேட்கவேண்டும்? அந்த மகளை ஆய்வுக்குழுவில் உட்கார வைக்க எந்த அறநெறிக் குழு இதுவரை யோசித்திருக்கிறது?

மருதநிலம்:
வரையறை பற்றிய என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

எண்ணாளன்:
படுக்கையோரம் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மார்ஃபின் தொடங்கிய பிறகு அந்தப் பெரியவர் என்ன சொன்னார்?

படுக்கையோரம்:
"நாலணா" என்றார்.

எண்ணாளன்:
ஏழரையிலிருந்து இரண்டரை. சிகிச்சை பலித்ததற்கான சான்று அதுவே. நீங்கள் அளந்திருக்கிறீர்கள், அதை அளவு என்று ஒப்புக்கொள்ளத்தான் மறுக்கிறீர்கள்.

படுக்கையோரம்:
வாக்கியத்தை அவர் அங்கே முடிக்கவில்லை. "மிச்சம் நாலணா மருந்துக்குக் கேட்காது தாயே, பெரியவன் என்னோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது" என்றார். உடல், மனம், உறவு, ஆன்மா எல்லாம் சேர்ந்ததே முழு வலி என்று 1967இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளுக்கான புனித கிறிஸ்டோஃபர் இல்லத்தைத் திறந்த மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் இரண்டரையில் அந்த மூத்த மகன் எங்கே இருக்கிறார்?

எண்ணாளன்:
உறவுச் சிக்கலுக்கும் தனி வினாத்தாள்கள் உண்டு.

படுக்கையோரம்:
எந்த மொழியில் கேட்டார்கள், யார் கேட்டார்கள், கேட்கும்போது கட்டில் அருகே யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் காத்திருக்கிறேன்.